வெளிக்கதவைச் சேர்க்காத விலை

"பாதிக்கு பில்லு, பாதிக்கு ரொக்கம். ஊரே அப்படித்தான் பண்ணுது. இதுல உனக்கு எங்க வலிக்குது?"

"பேர் இருக்கற எடத்துல வலிக்குது மச்சான். அந்த பில்லோட தலையில இருக்கறது எம்பேரு."

"பேரு உன்னுதும்மா, யாரு இல்லேன்னா? பட்டறை யாருது?"

"அதைத்தான் பதினோரு வருஷமா நானும் யோசிச்சிட்டு இருக்கேன்."

பட்டறை வாசலில் நின்ற எர்சீலியாவுக்கு உள்ளே போவதா, திரும்பிப் போவதா என்று தெரியவில்லை. அவள் கையில் ஒரு ஜன்னல் கைப்பிடி இருந்தது. இரண்டு நாளாக மலைப்பக்கமிருந்து கர்பீனோ அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டுக் காற்று அடிக்கிற நாட்களில் எங்கள் ஊர் சான் வீத்தோவில் யாரும் யாரோடும் நல்லபடியாகப் பேசுவதில்லை. மீன்காரர்கூட மிச்சச் சில்லறையை வீசித்தான் தருவார். அன்று காலை அந்தக் காற்று அவளுடைய சமையலறை ஜன்னலைப் பிடுங்கித் திறந்தது. இழுத்துச் சாத்தப் போனவளுக்குக் கைப்பிடி மட்டும் கையோடு வந்துவிட்டது.

எர்சீலியா இருமினாள். உள்ளே சண்டை நின்றது. சபாத்தீனோ சட்டென்று முகத்தை மாற்றிக்கொண்டு, வாங்க வாங்க என்றார். யோலாந்தா மாற்றிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அறுக்கும் மெஷினுக்குப் பின்னால் அவள் புருஷன் காமில்லோ ஒரு ஜன்னல் சட்டத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அந்தச் சட்டம் தேய்த்துத் தேய்த்துப் பளபளத்துவிட்டது.

இந்தக் குடும்பத்துக்குத் தொழில் ஜன்னல். காமில்லோ செய்வான். அவன் அண்ணன் சபாத்தீனோ ஊரில் சுற்றி வேலை பிடிப்பார், விலை பேசுவார். பேசி வந்த விலையைக் கொட்டேஷனாகவும் பில்லாகவும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது யோலாந்தா. ஆனால் தொழில் பதிவாகியிருப்பது யோலாந்தா பேரில். பெண்கள் பேரில் தொழில் தொடங்கினால் சுலபமாகக் கடன் கிடைத்த வருஷம் ஒன்று இருந்தது. அந்த வருஷம் எங்கள் கடற்கரையில் பாதிப் பட்டறைகள் பெண்சாதி பேருக்கு மாறின. பேர் மாறியதே தவிர நாற்காலி மாறவில்லை. சபாத்தீனோ சொல்வார், யோலாந்தா கையெழுத்துப் போடுவாள்.

போன வசந்தத்தில் வரி அலுவலகத்திலிருந்து அவள் பேருக்கு ஒரு கடிதம் வந்தது. நீங்கள் வாங்கிய கண்ணாடிக்கும் பில் போட்ட ஜன்னலுக்கும் கணக்கு இடிக்கிறது, பத்தொன்பது ஜன்னல் கண்ணாடி எங்கே போனது என்று கேட்டிருந்தார்கள். நேரில் போக வேண்டிய அன்று சபாத்தீனோவுக்குப் பல்வலி. யோலாந்தா தனியாகப் போய் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, தன்னைவிட இருபது வயது சின்னவன் ஒருவனிடம் பேச்சு வாங்கிக்கொண்டு, தன் சேமிப்பிலிருந்து அபராதம் கட்டிவிட்டு வந்தாள். பில் இல்லாத வேலை நடப்பது அவளுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. காதில் விழாத மாதிரி இருந்தாள். அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்தபோது, இனிமேல் விழும் என்று முடிவு செய்துவிட்டாள்.

இப்போதைய சண்டை மஞ்சள் கட்டடத்தைப் பற்றியது. பழைய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆறு வீடுகள், இருபத்து நாலு ஜன்னல்கள். எல்லாவற்றையும் மாற்றப் போகிறார்கள். இவர்கள் கொடுத்த கொட்டேஷன் முப்பதாயிரம் யூரோ, அதன்மேல் வரி நாலாயிரத்து எண்ணூறு. பெஸ்காராவிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வரியையும் சேர்த்தே முப்பத்து மூவாயிரத்து ஐந்நூறு என்று கொடுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை கட்டடத்துக்காரர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள். இது கிடைக்காவிட்டால் பிப்ரவரி வரை பட்டறையில் மெஷின் ஓட வேலை கிடையாது. அதனால்தான் சபாத்தீனோ பாதிக்கு மட்டும் பில் என்று கிளம்பியிருந்தார். பில் வாங்கினால் பத்து வருஷத்தில் பாதிச் செலவு வருமான வரியில் கழியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மஞ்சள் கட்டடத்தில் இருப்பவர்கள் ரயில்வேயிலும் படகிலும் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். சின்ன பென்ஷன். கழிக்க அவர்களுக்கு வரியே கிடையாது.

எர்சீலியாவும் அந்தக் கட்டடத்தில்தான், இரண்டாம் மாடியில்.

அவள் ஜன்னலைச் சரிபார்க்கக் காமில்லோ கருவிப் பையைத் தூக்கினான். சபாத்தீனோவோடு ஒரே கூரைக்குக் கீழ் உட்கார்ந்திருப்பதைவிடக் காற்றில் நடப்பதே மேல் என்று யோலாந்தாவும் அளவெடுக்கும் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கடல் தட்டையாகக் கிடந்தது. கர்பீனோ அடித்தால் அலை கரையைவிட்டு ஓடிவிடும். தெருவெல்லாம் மணல், வாயெல்லாம் மணல்.

எர்சீலியா வீட்டு அடுப்பில் கீரையும் பயறும் வெந்துகொண்டிருந்தது. சோள ரொட்டி பலகையில் ஆறிக்கொண்டிருந்தது. முதலில் சாப்பிட்டாக வேண்டும் என்றாள். வேலை முடியட்டும் என்றதற்கு, வேலை எங்கயும் ஓடாது, ரொட்டி காஞ்சிரும் என்றாள். சாப்பிட்டார்கள். சாப்பிடும்போதே சொன்னாள், எட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த ஜன்னலைப் போட்டது சபாத்தீனோதான். வரி ரொம்பக் கூட வருதும்மா, பில் இல்லாம முடிச்சிக்கலாம் என்று அவர்தான் சொன்னாராம். ரெண்டு வருஷத்தில் சட்டம் கோணிவிட்டது. பில்லே இல்லாதபோது என்னத்தைக் காட்டி உரிமையாகக் கேட்பது என்று சும்மா இருந்துவிட்டாளாம்.

யோலாந்தா ரொட்டியைப் பிய்த்த கையோடு அப்படியே இருந்தாள். காமில்லோ தலையைத் தூக்கவில்லை.

பிறகு அவன் எழுந்து ஜன்னலின் இரண்டு கண்ணாடிக் கதவுகளையும் கீலிலிருந்து தூக்கிக் கழற்றினான். சட்டமும் ஆட்டம் கண்டிருந்தது. திருகாணிகளை எடுத்துவிட்டு அதையும் சுவரிலிருந்து பிடுங்கித் தோளில் வைத்தான். சுவரில் வெறும் ஓட்டை. காற்று உள்ளே புகுந்து மேசை விரிப்பைத் தூக்கி அடித்தது. ஓடிப் போய் யோலாந்தா வெளிக்கதவுகளை இழுத்துச் சாத்தினாள். எங்கள் பக்கம் எந்த ஜன்னலுக்கும் வெளியே அது தொங்கும், சாய்வுச் சட்டம் போட்ட பச்சை மரக் கதவு. கொக்கியை மாட்டியதும் காற்று நின்றது. அறை இருட்டானது.

அவள் திறந்தாள். மறுபடி சாத்தினாள். மறுபடி திறந்தாள்.

"என்னடி, குழந்தையா நீ? மணல் வருது," என்றாள் எர்சீலியா.

"அக்கா, ஜன்னல் எங்க இருக்கு?"

"உம்புருஷன் தோள்ல."

"அப்ப இது?"

"இது வெளிக்கதவு. வெயில் அடிச்சிருச்சா உனக்கு?"

"ஜன்னல் போனப்பறமும் இது நிக்குது பாருங்க," என்றாள் யோலாந்தா. "இது ஜன்னலைப் புடிச்சிக்கிட்டு இல்ல. சுவரைப் புடிச்சிக்கிட்டு இருக்கு."

காமில்லோ தோளில் சட்டத்தோடு அவளைப் பார்த்தான். இருபது வருஷமாக அந்தக் கீலைச் சுவரில் அடிப்பவன் அவன். அது அவனுக்குப் புதிதில்லை. அதில் என்ன இருக்கிறது என்பதுதான் புதிது.

விஷயம் இதுதான். வீட்டைப் பழுது பார்க்கிற வேலை என்றால் எங்கள் நாட்டில் வரி பத்து சதவீதம். ஆனால் ஜன்னல் மாதிரி பெரிய சாமானுக்கு ஒரு கட்டு உண்டு. கூலியும் மற்ற சாமானும் எவ்வளவு ஆகிறதோ, ஜன்னலிலும் அவ்வளவு தொகைக்குத்தான் பத்து. அதற்கு மேல் போகிற ஜன்னல் விலைக்கு இருபத்திரண்டு. பில் போடுகிற சாப்ட்வேர் இதைத் தானாகவே பிரித்துக்கொள்ளும். எது ஜன்னல் என்று மட்டும் நாம் சொல்ல வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் சாப்ட்வேர் வாங்கிய அன்று அதைச் சொன்னவர் சபாத்தீனோ. விலைப் பட்டியலை அவர் சொல்லச் சொல்ல யோலாந்தா தட்டினாள். ஜன்னல் என்று ஒரே ஐட்டம், ஒரே விலை. எங்கள் ஊரில் ஜன்னல் என்றால் வெளிக்கதவும் கொசுவலையும் அதிலேயே சேர்த்திதான். வெறும் ஜன்னல் வேண்டும் என்று யாராவது கேட்டால், வீடு மிலானில் இருக்கிறதா என்று கேட்பார்கள். ஆக வெளிக்கதவும் கொசுவலையும் கம்ப்யூட்டருக்கு ஜன்னலாகிவிட்டன. அது தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டது. சொன்னதுதான் தப்பு.

யோலாந்தா பட்டறைக்கு வந்ததும் முதலில் ஆடிட்டரம்மாவுக்குப் போன் போட்டாள். தனியாக விலை போட்டு, சுவரில் தனியாகத் தொங்கினால் வெளிக்கதவு ஜன்னலில் சேராது, கொசுவலையும் அப்படித்தான் என்றார் அவர். இத்தனை வருஷம் இதை ஏன் என்னிடம் காட்டவில்லை என்று சத்தமும் போட்டார். "நீங்க பில்லைத்தான் பாத்தீங்க. ஜன்னலைப் பாக்கலியே," என்றாள் யோலாந்தா.

அடுத்து சாப்ட்வேர்க்காரர்களின் உதவி எண். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பையன் குரல் வந்தது. ஒரு ஐட்டத்துக்கு ஒரு வகைதான் மேடம் என்றான். பிரிக்க முடியுமா என்றாள். ஏற்கெனவே பில் போட்ட ஐட்டத்தைப் பிரிக்க முடியாது என்றான்.

"அப்ப எல்லாத்தையும் புதுசா போட்டா?"

"எத்தனை ஐட்டம் மேடம்?"

"தொண்ணூத்தாறு. மூணா பிரிச்சா இருநூத்தி எம்பத்தெட்டு."

"சாப்பிட்டுட்டு உக்காருங்க மேடம்," என்றான் அவன்.

அவள் சாப்பிட்டிருந்தாள். அந்த வாரம் முழுக்கத் தட்டினாள். காமில்லோ பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு அளவுக்கும் மரம் எவ்வளவு, கீல் எவ்வளவு, வலை எவ்வளவு என்று சொல்லிக்கொண்டே வந்தான். சில சமயம் அவனுக்கே தெரியவில்லை. வெளிக்கதவுக்குத் தனி விலையை அவன் வாழ்க்கையில் யாரும் கேட்டதில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மஞ்சள் கட்டடத்துக் கொட்டேஷனைப் புதிதாகப் போட்டாள். ஜன்னல் பதினைந்தாயிரம். வெளிக்கதவு ஆறாயிரம். கொசுவலை ஆயிரத்து ஐந்நூறு. பழசைக் கழற்றிப் புதுசைப் பொருத்துகிற கூலி ஏழாயிரத்து ஐந்நூறு. மொத்தம் அதே முப்பதாயிரம். ஆனால் இப்போது ஜன்னல் ஒரு பக்கம் பதினைந்து, மற்றதெல்லாம் மறு பக்கம் பதினைந்து. இருபத்திரண்டு சதவீதத்துக்கான கட்டத்தில் பூஜ்யம் என்று வந்தது. வரி மூவாயிரம். மூன்று தடவை அழித்து அழித்துப் போட்டுப் பார்த்தாள். மூன்று தடவையும் பூஜ்யம்.

முப்பத்து மூவாயிரம். பெஸ்காராக்காரர்களைவிட ஐந்நூறு குறைவு.

சபாத்தீனோ காகிதத்தை வாங்கிக் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். சந்தோஷப்படுவார் என்று காமில்லோ நினைத்தான். அவர் முகம் கறுத்தது.

"பதினோரு வருஷமா ஓடுன லிஸ்ட்டு. எங்கப்பா ஜன்னலுக்கு எப்படி வெல சொன்னாரோ அப்படித்தான் நானும் சொன்னேன். நீ யாரு அதைப் பிரிக்க?"

"நான் யாரா? கடைசி லைனைப் படிங்க மச்சான். கையெழுத்து போடற எடம்."

அவர் அதை விட்டுவிட்டு வேறு பக்கமாக வந்தார். சரி, வரி குறைந்துவிட்டது, நல்லதாப் போச்சு. இதிலும் பாதிக்கு மட்டும் பில் போட்டால் இன்னும் ஆயிரத்து ஐந்நூறு குறையும், கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற தி லுல்லோவிடம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். யோலாந்தா எழுந்து நின்றாள். அவள் குட்டை. சபாத்தீனோவின் நெஞ்சு வரைதான் வருவாள்.

"வரி கூட வருதுன்னு சொல்லித்தான எட்டு வருஷம் முன்னாடி எர்சீலியா அக்காவுக்கு பில்லு இல்லாம போட்டீங்க? அதையே சொல்லித்தான அந்தப் பத்தொன்பது ஜன்னலும்? கூட இருந்தது வரி இல்ல மச்சான். நம்ம லிஸ்ட்டு. நாமளே ஏத்தி வச்சிட்டு, நாமளே அதுக்குப் பயந்து ஒளிஞ்சிருக்கோம். போய் பெஞ்சுல உக்காந்தது மட்டும் நான்."

"சத்தம் போடாத. வெளிய கேக்கும்."

"கேக்கட்டும். முழு பில்லு, இல்லேன்னா எங்கையெழுத்து இல்ல."

சபாத்தீனோ தம்பியைப் பார்த்தார். பதினோரு வருஷமாக அப்படிப் பார்த்தால் போதும், காமில்லோ மெஷினைப் போட்டுவிடுவான், அந்தச் சத்தத்தில் எல்லாம் அடங்கிவிடும். காமில்லோ மெஷின் பக்கம் போனான். பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, அவ கையெழுத்துப் போடாத வேலைக்கு நான் ஒரு சட்டம்கூட அறுக்க மாட்டேன்."

சபாத்தீனோ அந்த பிளக்கைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் மஞ்சள் கட்டடத்தின் படிக்கட்டுக் கூடத்தில். ஆளாளுக்கு வீட்டிலிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டுக்கொண்டார்கள். காற்று ஓய்ந்திருந்தது, ஆனால் அதன் எரிச்சல் ஆட்களிடம் மிச்சமிருந்தது. குப்பைத் தொட்டியைப் பற்றி அரை மணி நேரம் சண்டை நடந்தது. அதன் பிறகுதான் ஜன்னல் வந்தது. சபாத்தீனோ கதவுப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

தி லுல்லோ தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளூர்க்காரர்கள் நமக்காக ஒரு ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள், பாதிக்கு மட்டும் பில் என்று ஆரம்பித்தார்.

"அப்படி ஒரு ஏற்பாடு இல்லைங்க," என்றாள் யோலாந்தா. "முழுசுக்கும் பில்லு. முப்பத்து மூவாயிரம், வரியோட."

போன வாரம் முப்பத்து நாலாயிரத்து எண்ணூறு சொன்னவர்கள் எப்படி ஆயிரத்து எண்ணூறு குறைத்தார்கள் என்று அவர் கேட்டார். பயந்துபோய்க் குறைத்தீர்களா என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. யோலாந்தா படிக்கட்டு ஜன்னலைக் காட்டினாள். காமில்லோ போய் இரண்டு கண்ணாடிக் கதவுகளையும் கழற்றித் தரையில் சாத்தி வைத்தான். நான்கு திருகாணி, சட்டமும் வந்துவிட்டது. வெளிக்கதவுகள் அந்தி வெளிச்சத்தில் தங்கள் கீல்களில் அப்படியே தொங்கின.

"இது ஜன்னல்," என்று தரையைக் காட்டினாள். "அது ஜன்னல் இல்ல. ரெண்டையும் ஒண்ணா எழுதி இத்தனை வருஷமா உங்ககிட்ட கூடுதலா வரி வாங்குனது எங்க தப்பு. அரசாங்கத்தோட தப்பு இல்ல. இந்தத் தடவ பிரிச்சு எழுதியிருக்கேன். படிச்சுப் பாருங்க."

காகிதம் கை மாறிக் கை மாறிப் போனது. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் எழுந்து போய் வெளிக்கதவை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"கொசுவலை?" என்றார்.

"அதுவும் தனி."

"கொசு?"

"அது இலவசம்."

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. எர்சீலியா எழுந்தாள். பையிலிருந்து அந்தக் கைப்பிடியை எடுத்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தாள்.

"எட்டு வருஷம் முன்னாடி எனக்கு பில்லு இல்லாம போட்டாங்க. மலிவா முடிஞ்சிருச்சுன்னு நானும் இளிச்சிட்டு இருந்தேன். கோணிப் போனப்ப கேக்க வாயில்ல. இன்னொரு தடவ வாயை வித்து ஜன்னல் வாங்க மாட்டேன். எனக்கு அந்தப் பேப்பர் வேணும், அவ கையெழுத்தோட."

ஆறு வீட்டில் ஐந்து வீடு கை தூக்கியது. தூக்காதவர் தி லுல்லோவின் மைத்துனர். திரும்பிப் பார்த்தபோது கதவுப் பக்கம் சபாத்தீனோ இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். யோலாந்தா நிறுத்தவில்லை. கடந்த ஒரு வருஷத்துக்குள் போட்ட பில்லைத் திருத்தச் சட்டத்தில் வழி இருந்தது. பதினாலு பில். பதினாலு பேருக்கும் போன் போட்டு, கூடுதலாக வாங்கிய வரியைத் திருப்பித் தருகிறேன் என்றாள். ஒருவர் ஏமாற்றுப் போன் என்று நினைத்து வைத்துவிட்டார். அதற்கு முந்தைய பத்து வருஷத்துப் பில்களைத் திருத்த வழியில்லை. அவர்களிடம் எதுக்குச் சொல்லணும், திட்டு வாங்கவா என்று சபாத்தீனோ கேட்டார். திங்கட்கிழமை அவள் பட்டறைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டினாள். வெளிக்கதவை ஜன்னலோடு சேர்த்து வரி போட்டது எங்கள் தவறு, ஒரு வருஷத்துக்குள் வாங்கியவர்களுக்குத் திருப்பித் தருகிறோம், அதற்கு முன் வாங்கியவர்களுக்குத் தர வழியில்லை, ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதி, கீழே முழுப் பேரோடு கையெழுத்துப் போட்டிருந்தாள்.

சபாத்தீனோ கிழித்தார். அவள் இன்னொன்று ஒட்டினாள். அதையும் கிழித்தார். மூன்றாவதைக் காமில்லோ வாங்கிக்கொண்டான். அளவெடுத்து ஒரு கண்ணாடி வெட்டி, காகிதத்துக்கு மேல் வைத்து, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கினான். இன்றுவரை அது அங்கே இருக்கிறது. பழைய பில்லோடு வந்து வாசலில் நின்று கத்திவிட்டுப் போனவர்கள் ஏழு பேர். ஒருவர் கத்திவிட்டு, மறுநாள் தன் மகள் வீட்டுக்கு ஒன்பது ஜன்னல் வேண்டும் என்று வந்தார். பில்லோடுதானே என்று அவரே கேட்டார். சபாத்தீனோ இன்னும் வேலை பிடிக்கிறார், விலையை மட்டும் யோலாந்தா சொல்கிறாள். இருவரும் காகிதத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஊரில் இன்னும் ரெண்டு கட்சி இருக்கிறது. திருப்பித் தர முடியாது என்று தெரிந்தும் பழைய ஆட்களிடம் சொன்னது நேர்மை என்கிறது ஒன்று. ஆறிய புண்ணைக் கீறிவிட்டாள் என்கிறது மற்றது. நீங்கள் கடை வைத்திருக்கலாம், எங்காவது உட்கார்ந்து பில் தட்டுகிறவராக இருக்கலாம், அல்லது பில் வேணுமா வேண்டாமா என்று கேட்கப்பட்டு ஒரு நிமிஷம் யோசித்தவராக இருக்கலாம். அவள் இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தக் காகிதத்தை ஒட்டியிருப்பீர்களா? ஒட்டியிருப்பேன், மாட்டேன் என்று ஒரு வார்த்தையோடு நிறுத்தாமல், ஏன் என்றும் கீழே எழுதுங்கள். வருவதை நான் பட்டறைக்குக் கொண்டுபோய், சபாத்தீனோவும் இருக்கும்போது, ஒன்று விடாமல் வாசித்துக் காட்டுகிறேன்.